அரைப்பேர்

நிக்கோபாரில், கச்சால் தீவின் ரப்பர் நாற்றுப் பண்ணையில் தகரக் கூரை மத்தியான வெயிலில் சடசடக்கிறது. சூப்பர்வைசர் திருநாவுக்கரசின் ரேடியோவைச் சுற்றிக் குந்தியிருக்கும் கூலிகளில் பக்கிரிசாமி மட்டும் டீயைக் குடிக்காமல் கையிலேயே வைத்திருக்கிறார். எந்த நாடும் இன்னும் தன் ஆள் என்று சொல்லாத ஒன்றரை லட்சம் பேரில் ஒருத்தியாக, அவர் மகள் பூங்கோதை இலங்கையில் பதுளைத் தேயிலைத் தோட்டத்திலேயே நின்றுவிட்டாள். இந்தியாவும் இலங்கையும் பேசி இன்றுதான் முடிவு வந்திருக்கிறது. "மீதமுள்ளவர்களில் பாதிப் பேரை இந்தியா ஏற்கும்" என்கிறது ரேடியோ. பக்கிரிசாமியின் முகம் சுண்டிப்போகிறது. தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து குறைந்தால் கங்காணி அரைப்பேர்தான் போடுவான். அரைநாள் கூலிதான் கிடைக்கும். "எம்புள்ளைக்கு அரைப்பேரா போட்டுட்டானுங்க?" என்கிறார். "அரே, சுப்! வாய மூடுய்யா. சனத்துல பாதிய்யா. பாதி இங்க, பாதி அங்க. கச்சாலுக்கு வந்தும் தோட்டத்துப் பேச்சு போகலியே ஒனக்கு!" என்று சூப்பர்வைசர் சிரிக்க, கூலிகளும் சிரிக்கிறார்கள். பக்கிரிசாமியின் மனைவி நீலாவதி சிரிக்கவில்லை. மண் காய்ந்த விரலால் புருஷன் தோளைத் தொடுகிறாள். "நம்ம புள்ள எந்தப் பாதின்னு கேளுங்க." பக்கிரிசாமி எழுந்துபோய், கேட்கப்போகிறவர் போல ரேடியோ முன்னால் குனிகிறார். அது வங்காள விரிகுடாவில் காற்று எவ்வளவு வேகத்தில் வீசும் என்று சொல்லிக்கொண்டிருக்கிறது.