புகையிலைப் புழுவும் ஒரு தொலைபேசி அழைப்பும்

விவசாய உதவி மையத்தில் தொலைபேசி ஒலித்தது. பூச்சியியல் அலுவலர் எடுத்தார்.

"சார், புகையிலையில புழு விழுந்திருச்சு. இலையெல்லாம் சல்லடை. மருந்து அடிக்கட்டுமா?"

"அவசரப்படாதீங்கம்மா. வரப்புல ஆமணக்கு இருக்கா?"

"இருக்கு சார்."

"இந்தப் புழுவோட தாய் அந்துப்பூச்சிக்குப் புகையிலையைவிட ஆமணக்குமேலதான் ஆசை. அந்த இலையில குவியலா முட்டை வைக்கும். பொரிஞ்சு வர்ற குட்டிப் புழுக்களும் கொஞ்ச நாள் அங்கேயே கூட்டமா மேயும். பிரிஞ்சு போறதுக்குள்ள இலையோட கிள்ளி அழிச்சிட்டா, பாதிப் படை காலி."

"ஒத்தை ஆளா எப்படி சார் கிள்ளுறது?"

"வீட்டுக்காரரைக் கூப்பிடுங்களேன்."

"அவரு மூஞ்சியைத் தூக்கி வச்சிருக்காரு சார். வீட்டுல ஒரு வார்த்தை பேசுறதில்ல."

அலுவலர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "இந்நேரம் கோபம் ஆறியிருக்கும்மா. கேட்டுத்தான் பாருங்களேன்."

"அதான் கேட்டாச்சே! வயலுக்கு வர்றீங்களா, இல்லையா?"

அழைப்பு துண்டிக்கப்பட்டது.

போனைத் தாண்டிக் கேட்ட குரலில் பக்கத்து மேசைக்காரர் எட்டிப் பார்த்தார். "யாருங்க அது, உங்களையே மிரட்டுறது?"

"என் பொண்டாட்டிதான். வீட்டுல கூப்பிட்டா நான் பேச மாட்டேன். இங்க கூப்பிட்டா பேசித்தானே ஆகணும்? அரை நாள் லீவு சொல்லிடுங்க."

"குரலை வச்சுக் கண்டுபிடிக்கலையா?"

"முதல் 'சார்'லயே தெரிஞ்சிடுச்சு," என்றபடி அலுவலர் பையை எடுத்தார். "எங்க வரப்புல ஆமணக்கு இருக்கான்னு எனக்குத் தெரியாதா? அவகிட்டப் பேச்சை வளர்க்கத்தான் கேட்டேன்."