நடை வேகம்

"தண்ணியும் குழாயும் வச்ச வண்டியெல்லாம் இன்னைக்கு வரிசையில நிக்கக் கூடாது. தலைவருக்குப் பிடிக்காது."

பெரிய பைக் கிளப்பின் செயலாளர் இதைத் தலைவரின் சாவு வீட்டு வாசலில் வைத்தே சொன்னார். வாங்கிக் கட்டிக்கொண்டவர் கண்ணாடிக் கடைக்காரர். போன வருஷம் ரேடியேட்டர் வைத்த பைக் வாங்கிய பாவத்துக்காக, கிளப்பில் அவருக்கு 'பாய்லர்' என்றே பேர்.

"தலைவர் என்கிட்ட அப்படிச் சொன்னதே இல்லையே சார்."

"காத்துல ஆறினாத்தான் அது என்ஜின். உங்களுதுல வெந்நீர் போட்டுக் குளிக்கலாம். பின்னாடி கார்ல வாங்க, ஏசி இருக்கு."

மற்ற பதினோரு பேரும் சிரித்தார்கள். சாவு வீடு என்பது அப்புறம்தான் ஞாபகம் வந்தது.

தலைவரின் மனைவி வெளியே வந்தார். "தம்பி, மயானம் வரைக்கும் வண்டி கூட வரணும். அவர் கடைசியா கேட்டது அது ஒண்ணுதான். வந்துடுவீங்கல்ல?"

"உயிரே போனாலும் வருவோம் அண்ணி" என்றார் செயலாளர்.

மூன்று கிலோமீட்டர். அமரர் ஊர்தி முன்னால், பன்னிரண்டு பைக் அதன் பின்னால், கடைசியில் கார். உச்சி வெயில், நடை வேகம். வண்டி ஓடினால்தானே காற்று, காற்று அடித்தால்தானே அந்த என்ஜின் ஆறும்? ஊருக்கெல்லாம் இதில் பாடம் எடுக்கிற பன்னிரண்டு பேரில் ஒருத்தருக்கும் அன்றைக்கு இது தோன்றவில்லை.

முதல் கிலோமீட்டரிலேயே தொடை சுட்டது. "ஒரு ரவுண்டு வேகமாப் போய் ஆத்திட்டு வந்துடறேன்" என்று ஒருவர் விலகினார். அவரைப் பார்த்து நாலு பேர். பிறகு மிச்சப் பேர். ஆற்றப் போன ஒருத்தரும் திரும்பவில்லை. ஜூஸ் கடை வாசலில் பைக்குகள் அழகாக வரிசை கட்டி நின்றன.

இரண்டாவது கிலோமீட்டரில் செயலாளரின் வண்டியும் நின்றுபோனது. மரத்தடியில் விட்டுவிட்டுக் காரில் ஏறினார். கண்ணாடிக் கடைக்காரருக்கு ஒதுக்கின சீட் காலியாகத்தான் இருந்தது.

"பாய்லர் எங்கே? கோவிச்சுக்கிட்டு வீட்டுக்குப் போயாச்சா?" என்றார், ஏசியைக் கூட்டிக்கொண்டே. "இவ்வளவுதான் இவங்க விசுவாசம்."

மயானத்தில் தலைவரின் மனைவி முகத்தைப் பார்க்கத்தான் கொஞ்சம் கூச்சமாக இருந்தது.

"அண்ணி, உங்களுக்கு இதெல்லாம் புரியாது. இந்த வெயில்ல, இந்த வேகத்துல, ஏர் கூலிங் வண்டி எதுவுமே தாங்காது."

"ஒண்ணு வந்திருக்கு தம்பி. வாசல்ல பாருங்க."

வாசலில் தலைவரின் சொந்த பைக் நின்றது. முப்பது வருஷத்து வண்டி, சுத்தமான ஏர் கூலிங். பக்கத்தில் கண்ணாடிக் கடைக்காரர், சட்டையைப் பிழிந்தால் ஒரு பக்கெட் தேறும்.

"ஊர்திக்கு முன்னாடி போறேன்னு சாவி கேட்டார், கொடுத்தேன்" என்றார் தலைவரின் மனைவி.

செயலாளர் நம்பாமல் போய் என்ஜினைத் தொட்டுப் பார்த்தார். கை சுடவில்லை.

"அதெப்படிய்யா? எங்க வண்டியெல்லாம் கொதிச்சு நின்னுடுச்சு. இது மட்டும் எப்படிச் சூடாகல?"

கண்ணாடிக் கடைக்காரருக்கு மூச்சு இன்னும் அடங்கவில்லை.

"நான் ஸ்டார்ட்டே பண்ணலையே சார். வீட்டுலேருந்து தள்ளிக்கிட்டுதான் வந்தேன்."