தொடாத சோறு

மஜாலினுக்கென்று லிம்பாய் கட்டிய சோற்றுப் பொட்டலத்தில் மீன் துண்டு பெரிதாகவே இருந்தது. அவன் மட்டும் அதைத் தொட்டுவிடவே கூடாது. தொடாமல் மேலே ஏறி, விழுந்து சாக வேண்டும்.

காட்டுக்குள் போகிறவனிடம் யாராவது சாப்பாட்டை நீட்டினால் ஒரு வாய் தின்ன வேண்டும். வயிறு நிறைந்திருந்தால் விரல் நுனியாலாவது தொட வேண்டும். வேண்டாமென்று போனாலும் சரி, கேட்ட சோறு கிடைக்காமல் போனாலும் சரி, கெம்புனான் என்கிற சோற்றுச் சாபம் பிடித்துவிடும். பாம்பு கடிக்கும், கிளை முறியும், கால் வழுக்கும். அந்த மலையடிவாரத்தில் பிறந்த எந்த டூசுன் குலத்துப் பிள்ளைக்கும் இது தெரியும்.

லிம்பாயின் டீக்கடை, மர உச்சிகளுக்கு நடுவே கட்டிய தொங்குபாலத்தின் வாசலிலேயே இருந்தது. அவளைத் தாண்டி ஒருவரும் சும்மா ஏறிவிட முடியாது. வெளிநாட்டுக்காரராக இருந்தாலும் கையைப் பிடித்து இழுத்து, ஒரு துண்டு மரவள்ளிக்கிழங்கையாவது வாயில் திணித்துவிட்டுத்தான் விடுவாள். "இப்படி எல்லாருக்கும் சும்மா குடுத்தா கடை நல்லா விளங்கும் அத்தை!" என்று டிக்கெட் கிழிக்கும் தங்காவ் தினமும் கிண்டலடிப்பான். அவள் காதில் போட்டுக்கொண்டதே இல்லை.

எட்டு வருஷத்துக்கு முன்னால், அந்தப் பாலத்தைக் கட்டும்போதுதான் அவள் மகன் யாபின் மூன்றாவது மெங்காரிஸ் மரத்திலிருந்து விழுந்து செத்தான். பிடித்து ஏறுகிற கயிறு மழையில் ஊறிக் கிடந்தது. தெரிந்தே அவனை ஏற்றிவிட்டவன் மேஸ்திரி மஜாலின். விசாரணையில் யாரும் அழுத்திக் கேட்பதற்கு முன்பே, "ஆமாம், தப்பு என்னோடதுதான்" என்று ஒத்துக்கொண்டான். வேலை போனது, ஊரைவிட்டுப் போனான், அவ்வளவுதான். போன வேலைக்கு இன்னொரு வேலை கிடைக்கும். போன பிள்ளை கிடைப்பானா?

இன்றைக்குத்தான் வந்திருந்தான். தலையெல்லாம் நரைத்து, கையில் டிக்கெட்டோடு, தன்னந்தனியாக.

"வா மஜாலின். சாப்பிட்டுட்டு ஏறு" என்று பொட்டலத்தை நீட்டினாள். தன் கையிலிருந்து வாங்கித் தின்ன அவனுக்கு மூஞ்சி இருக்காது என்று அவளுக்கு நிச்சயமாகத் தெரியும்.

"வேணாங்க்கா."

தங்காவுக்குப் பகீரென்றது. "யோவ் பெரியவரே! விரலாலயாவது தொட்டுட்டுப் போய்யா. நீ இந்த ஊர்க்காரன்தானே?"

"ஊர்க்காரன்தான். தெரிஞ்சுதாம்பா சொல்றேன்" என்றான் மஜாலின். இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு படியேறினான்.

"விடு தங்காவ். வேணாங்கறவரைப் போய் வற்புறுத்தலாமா?" என்றாள் லிம்பாய், குரலில் தேன் ஒழுக. இந்த எட்டு வருஷத்தில் அவள் வயிறு இப்படிக் குளிர்ந்ததே இல்லை.

கடையை அப்படியே போட்டுவிட்டு, பாலத்துக்கு நேர் கீழே போகும் ஒற்றையடிப் பாதையில் ஓடினாள். கணுக்காலில் அட்டை ஏறியதைக்கூடத் தட்டிவிடவில்லை. பதின்மூன்று மாடி உயரத்தில் பலகைகள் கிறீச்சிட்டன. இலைகளுக்கு நடுவே அவனுடைய நீலச் சட்டை மெல்ல நகர்ந்தது. வழுக்கு. வழுக்குடா பாவி. என் பிள்ளை அலறின மாதிரி நீயும் அலறு.

மூன்றாவது மரத்தை நெருங்கும்போது காற்று பலமாக அடித்தது. பாலம் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. மேலே யாரோ ஒரு பெண் வீலென்று கத்தினாள். இலைகளைக் கிழித்துக்கொண்டு ஏதோ ஒன்று கீழே வந்து, லிம்பாயின் காலடியில் தொப்பென்று விழுந்தது.

செருப்பு. ஒற்றைச் செருப்பு.

"ச்சீ, இவ்வளவுதானா!" என்று அதை எட்டி உதைத்தாள். மேலே நீலச் சட்டை, பக்கவாட்டு வலையைப் பிடித்து எழுந்து, மறுபடியும் நடக்க ஆரம்பித்தது. மூன்றாவது மரம் தாண்டியது. நான்காவதும் தாண்டியது.

மறுகோடியில் அவன் இறங்கும் படியை லிம்பாய் மறித்துக்கொண்டு நின்றாள். பொட்டலம் இன்னும் அவள் கையிலேயே இருந்தது. ஆத்திரத்தில் கண்ணீர் வந்துவிட்டது.

"எப்படிடா உயிரோட வந்தே? சோத்தை வேணாம்னுட்டுப் போனியே! இந்தக் காட்டுக்குக் கண்ணில்லையா? என் பிள்ளையை மட்டும்தான் தின்னத் தெரியுமா அதுக்கு?"

மஜாலின் ஒற்றைச் செருப்போடு படியிலேயே நின்றான். கம்பியைப் பிடித்தபடி மெதுவாகச் சொன்னான். "அன்னிக்கு ஏறுறதுக்கு முன்னாடி யாபின் என்கிட்ட ஒண்ணு சொன்னான் அக்கா. காலையில வீட்ல சண்டை. பசிக்குது, சோறு போடுன்னு கேட்டதுக்கு அம்மா பானையை மூடிட்டாங்கன்னு."

லிம்பாய் படியைவிட்டு ஓரடி பின்வாங்கினாள். எட்டு வருஷமாக அவள் சாமியிடம்கூட வாய்விட்டுச் சொல்லாத விஷயம் அது.

"நான் ஒருத்தர்கிட்டயும் மூச்சு விடல. போன மாசம்தான் கேள்விப்பட்டேன், மேல ஏறுற ஒருத்தரையும் நீங்க வெறும் வயித்தோட விடறதில்லன்னு. அப்பதான் உங்க மனசை எது அரிக்குதுன்னு புரிஞ்சுது. எனக்கும் பயந்தான். இருந்தாலும் தொடாமப் போயிட்டு வந்து காட்டணும்னு தோணிச்சு."

பொட்டலத்தை அவள் கையிலிருந்து இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டான்.

"அவனைக் கொன்னது நான் குடுத்த ஈரக் கயிறுதான் அக்கா, நீங்க மூடின பானை இல்ல."