ஆறு நிமிட மைல்

"கிலோமீட்டர்ல கணக்கு வெக்கிறவன்லாம் ஓட்டக்காரனா? மைலைப் பாத்து பயந்து துண்டு துண்டா நறுக்கிக்கிட்டவன்!"

ஒஹாயோவின் அந்த ஓட்டக்காரர் சங்கத்தில் ஹார்லன் இப்படிப் பேசாத நாளில்லை. ஐம்பத்தெட்டு வயதில், ஆறு நிமிடத்துக்கு ஒரு தரம் 'ஒன்று முடிந்தது' என்று, ஓடிய தூரத்தை அளக்கும் கைக்கடிகாரம் கூவினால் பேச மாட்டாரா? மைலுக்கு ஒன்பதரை நிமிடம் எடுக்கும் வெண்டலைத்தான் அதிகம் சீண்டுவார்.

"நீ ஓடுறியா, இல்ல நாயைக் காத்து வாங்கக் கூட்டிட்டுப் போறியா?"

மாவட்டப் பந்தயம் வந்தது. முதல் மைல் பலகையருகே நின்ற பெண் ஹார்லனைப் பார்த்துக் கத்தினாள்: "ஒன்பது நிமிஷம் நாப்பது செகண்ட்!"

ஹார்லன் நின்றேவிட்டார். "பலகையைத் தப்பா நட்டிருக்கீங்க! ரோட்டை அளந்தீங்களா, தூங்கினீங்களா?"

வெண்டல் கையசைத்தபடி அவரைத் தாண்டி ஓடினார்.

வேடிக்கை பார்க்க வந்திருந்த மனைவி கோரின் அருகே வந்து காதோடு சொன்னாள்: "பலகை சரிதான், ஹார்லன். வயசாயிடுச்சுன்னு போன வருஷம் நீ ஷூவைக் குப்பையில போட்டே. பாக்க மனசு கேக்கல. அதான் புதுக் கடிகாரம் வாங்கினதும் கிலோமீட்டருக்கு மாத்தி வெச்சேன்."

ஹார்லன் கடிகாரத்தையே வெறித்தார்.

"மறுபடி மைலுக்கு மாத்திடட்டுமா?"

"சும்மா இரு. உலகமே கிலோமீட்டர்ல ஓடுது. நாம மட்டும் எத்தனை நாளைக்கு இந்த மைலைக் கட்டிக்கிட்டு அழறது?"