புதுசுல அப்படித்தான் சார்

“ஏம்மா, இதுக்குப் பேரு முன்னேற்றமா?”

பக்கம் சார் மவுஸைத் தட்டென்று மேசையில் வைத்தார். அச்சகத்தில் புத்தகங்களுக்குப் பக்கம் அமைக்கிறவர் அவர். படம் எங்கே, எழுத்து எங்கே என்று கம்ப்யூட்டரில் அடுக்குவதுதான் வேலை. அதனால் அந்தப் பெயர். சொந்தப் பெயர் சம்பளம் போடுகிறவருக்கே மறந்திருக்கும்.

கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் பெண் எழுந்து வந்தாள்.

“என்ன சார் ஆச்சு?”

“இந்த அம்பு. இந்த மூலைலேர்ந்து அந்த மூலைக்குப் போறதுக்குள்ள நான் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுட்டு வந்துடலாம்.”

“புதுசுல அப்படித்தான் சார்.”

“பழசுல துள்ளி ஓடுமே.”

“பழைய சிஸ்டத்தைச் செஞ்சவனே கைவிட்டுட்டான் சார். அதான் எல்லா மெஷின்லயும் மாத்தினோம்.”

“மாத்தினீங்க, சரி. ஒரு படத்தைத் தொட்டா நகரமாட்டேங்குது. ரொம்ப நேரம் அமுக்கிப் பிடிச்சாத்தான் அசையுது. அழிக்கப் போனா ‘நிச்சயமா?’ன்னு கேக்குது. பொண்ணு குடுக்கறப்ப என் மாமனார்கூட அப்படிக் கேக்கல.”

“புதுசுல…”

“அப்படித்தான். தெரியும். போ.”

போனாள். முகத்தில் கோபம் இல்லை. அதுவே அவருக்கு எரிச்சல். திருப்பி ஒரு வார்த்தை சொன்னால் சண்டையாவது போடலாம்.

அவருக்கு உள்ளே இருந்தது கோபம் இல்லை, பயம். புது சிஸ்டம் வருவதற்கு முன்னால் வந்த பாடப்புத்தகத்தில் இதயத்தின் படம் ஈரல் பாடத்துக்குள் போய் உட்கார்ந்துவிட்டது. அச்சடித்து, தைத்து, கட்டு கட்டிய பிறகுதான் தெரிந்தது. “இன்னொரு தடவை இப்படின்னா வேற ஆளைத்தான் பாக்கணும்” என்று முதலாளி சொல்லிவிட்டார். மகள் படிப்பு இன்னும் முடியவில்லை. இந்த வயதில் வேறு எந்த அச்சகம் நாற்காலி போட்டுக் கூப்பிடும்?

மவுஸ்தான் காரணம் என்று அன்றைக்கே வேறு மவுஸ் வாங்கினார். அதுவும் பிடித்த இடத்தில் நிற்கவில்லை.

ஆனால் புது சிஸ்டம் வந்ததிலிருந்து ஒரு படமும் இடம் மாறவில்லை. முதலாளியே கூப்பிட்டுச் சொன்னார்.

“புதுசு வந்தப்புறம் உங்க பக்கத்துல ஒரு தப்பும் இல்லையே.”

“புதுசால இல்ல சார். புதுசையும் மீறி” என்றார். நெஞ்சை நிமிர்த்தித்தான் சொன்னார்.

இன்றைக்கு அவர் குரல் முதலாளி அறை வரைக்கும் போயிருக்கிறது. கதவு திறந்தது.

“தினமும் இதே பாட்டா இருக்கே. என் மெஷின்லயும் அதே புதுசுதான் ஓடுது. வாங்க, எங்க மெதுவா இருக்குன்னு காட்டுங்க.”

“நான் பாத்துக்கறேன் சார்” என்று அந்தப் பெண் அவசரமாக நடுவில் வந்தாள்.

“நீ பாத்த லட்சணம்தான் தெரியுதே” என்றபடி பக்கம் சார் எழுந்து போனார்.

முதலாளி தன் நாற்காலியையே கொடுத்தார். திரையில் ஒரு விளம்பரப் பக்கம். அதற்குள் அவருக்குப் போன் வர, ஜன்னல் பக்கம் திரும்பிப் பேச ஆரம்பித்தார்.

பக்கம் சார் மவுஸைத் தொட்டார்.

அம்பு அந்தக் கோடிக்குப் பாய்ந்தது. இழுத்தார். இந்தக் கோடிக்குப் பாய்ந்தது. ஒரு படத்தின் மேல் கொண்டுபோய் நிறுத்தப் பார்த்தார். அம்பு நின்ற இடத்திலேயே தந்தி அடித்தது. படம் அதோடு ஒட்டிக்கொண்டு துள்ளி, எழுத்தின் மேல் விழுந்தது. எடுக்கப் போனார். படமே காணாமல் போனது. நிச்சயமா என்று யாரும் கேட்கவில்லை.

கையை எடுத்தார். அம்பு அசையாமல் நின்றது. கையை வைத்தார். நடுங்கியது.

மவுஸை மாற்றினால் போகிற நடுக்கம் இல்லை இது.

கையை மடியில் ஒளித்துக்கொண்டார். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் அவள் உட்காராமல் நின்றிருந்தாள். பரீட்சையில் பிட் அடித்து மாட்டிக்கொண்டவள் முகம்.

மெதுவான அம்பு, அமுக்கினால்தான் நகரும் படம், அழிக்கும் முன் ஒரு கேள்வி. அத்தனையும் அவர் மெஷினில் மட்டும். யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லாமல் செய்திருக்கிறாள். அவரிடம்கூட. செய்துவிட்டுத் தினமும் அவர் வாயால் அர்ச்சனையும் வாங்கியிருக்கிறாள்.

முதலாளி போனை வைத்தார். “என்ன, மெதுவாவா இருக்கு?”

“இல்ல சார். பறக்குது.”

“அப்ப உங்க மெஷின்லதான் கோளாறு. வெளியிலேர்ந்து ஆளைக் கூப்பிடறேன், பிரிச்சுப் பாக்கட்டும்.”

“வேண்டாம் சார். மெஷின் நல்லாத்தான் இருக்கு. எனக்குத்தான் வாய் அதிகம்.”

“அது உங்களுக்கு இன்னிக்குத்தான் தெரிஞ்சுதா?” முதலாளி சிரித்துவிட்டு மறுபடி போனை எடுத்தார். திரையை அவர் பார்க்கவில்லை.

பக்கம் சார் காணாமல் போன படத்தை இடது கையால் கீபோர்டில் தட்டி மீட்டு வைத்துவிட்டு வெளியே வந்தார். தன் இடத்தில் உட்கார்ந்தார். அவள் பக்கத்தில் வந்து நின்றாள். என்ன கேட்பாரோ என்று நின்றாள்.

“ஏம்மா” என்றார், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். குரலில் அதே முறைப்பு.

“சார்.”

“இந்த அம்பை இன்னும் கொஞ்சம் மெதுவா ஓட வைக்க முடியுமா?”