சுவரில் நின்ற கித்தார்க்காரன்

மலேசியாவின் கிள்ளான் பஸ் நிலையச் சுவரில் சூசைராஜ், ராக் இசைக்குழுவின் போஸ்டரை ஒட்டிக்கொண்டிருந்தான். பசை வாளியோடு நின்ற மனைவி பிலோமினாவின் கண், படத்திலிருந்த கித்தார்க்காரனை விட்டு நகரவில்லை.

"எப்படி இருக்கான் பாருங்க! தோள் வரைக்கும் முடி, ஒட்டின வயிறு..."

சூசைராஜுக்கு வயிறு எரிந்தது. தன்னை அவள் இப்படிப் பார்த்துப் பல வருஷமாகிவிட்டது.

"போதும்லா. அவன் என்ன பெரிய மன்மதனா?"

"சிரிச்சா கன்னத்துல குழி வேற!"

"இரு, இவனைக் கிழிச்சுப் போடுறேன்!"

அவள் சட்டென்று அவன் கையைப் பிடித்தாள்.

"புதுசா போட்டோ எடுக்கக் காசில்லன்னு, கல்யாணத்துக்கு முந்தி எடுத்த உங்க படத்தையே உங்க குழு போஸ்டர்ல போட்டது நீங்கதானே? இப்ப என்னைக் கோவிச்சா எப்படி?"

சூசைராஜ் வழுக்கையைத் தடவினான்.

"கச்சேரிக்கு வர்றவங்க இவனைத் தேடினா என்ன செய்யறது?"

"தேடட்டும். நான் வீட்டுல தினம் தேடலையா?"