தண்ணீர் போன வழி

"சாயங்காலம் ரேடியேட்டர் நிறையத் தண்ணி ஊத்தறேன், தளவாய். கார்த்தால பார்த்தா காலி. இன்னியோட நாலு நாள்," என்றார் ஜம்புநாதன். தானே கார் ஓட்டி ஆபீஸ் போகிறவர் மாதுங்காவில் தான் ஒருத்தர்தான் என்பது அவர் பெருமை.

தாராவி மெக்கானிக் தளவாய் குனிந்து பார்த்தான். ஒழுகியிருந்தால் தரை நனைந்திருக்க வேண்டும். தரை காய்ந்து கிடந்தது. எஞ்சினுக்குள் இறங்கியிருந்தால் ஆயில் வெளுத்திருக்க வேண்டும். அதுவும் கறுப்பாகவே இருந்தது. ரேடியேட்டரின் அடித்திருகில் மட்டும் மஞ்சள் கறை தெரிந்தது.

ஜம்புநாதன் சட்டை மாட்ட உள்ளே போனார். காபி கொண்டுவந்த அவர் மனைவி விசாலாக்ஷியின் விரல்களிலும் அதே மஞ்சள்.

"திருகைத் திறந்து வாளியில பிடிச்சது நீங்கதானாம்மா?"

அவள் டம்ளரைக் கீழே வைத்தாள். "அவருக்குக் கண்ணு மங்கிண்டே வரதுப்பா. ஓட்டக்கூடாதுன்னு டாக்டர் சொல்லியும் ஒத்துக்க மாட்டேங்கறார். போன வாரம் கிங்ஸ் சர்க்கிள்ல ஒரு குழந்தை மயிரிழையில தப்பித்து. நான் வேற என்ன பண்ணுவேன்?"

ஜம்புநாதன் திரும்பி வந்தார். பொய் சொல்லிப் பழக்கமில்லாத தளவாய் எஞ்சினைப் பார்த்தபடியே பேசினான்.

"எஞ்சின்ல வெடிப்பு விட்டிருக்குய்யா. சாமான் சீமையிலேருந்து வரணும். அங்கே நடக்கிற சண்டை முடியிற வரைக்கும் கப்பல் வராது, வண்டிய எடுக்க முடியாது."

"எங்கே, காட்டு."

தளவாய் எஞ்சின் மேல் குனிந்தான். கைக்கு எட்டிய இடத்தைத் தொட்டான். இரும்பு வழவழவென்று இருந்தது.

ஜம்புநாதன் மூக்கு இடிக்கக் குனிந்து வெகுநேரம் பார்த்தார்.

"ஆமாம், எவ்வளவு பெரிய வெடிப்பு," என்றார். "கார்த்தாலயே என் கண்ணுல பட்டுது."